கீழே விழுந்த பூ மட்டும்

அவளோடு வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் முதலில் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்வார்கள். "எடுத்துக்கட்டுமா?" மேசைமேல் ஊருக்குப் பொதுவாகக் கிடக்கும் பேனாவைக்கூட அப்படிக் கேட்டுத்தான் எடுப்பாள். தண்ணீர் கேன் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருக்கும் டம்ளரைத் தொடும் முன் யாராவது ஒருவர் முகத்தைப் பார்ப்பாள். யாருக்கோ பிறந்தநாள் என்று கேக்கை வெட்டி வைத்துவிட்டு எல்லாரும் வாயெல்லாம் க்ரீமாக நிற்கும்போது இவள் மட்டும் தட்டைவிட்டு எட்டி நிற்பாள். "எடுத்துக்கோ தாயே, உனக்கும் சேர்த்துத்தான் வெட்டினது" என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன பிறகுதான் கை நீளும். அதுவும் ஓரத்துத் துண்டுக்கு. ஒரு மனுஷி ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் அனுமதி கொடுத்துக்கொண்டிருப்பாள்? எனக்கு அலுத்துப்போகும்.

இரண்டாயிரத்தை அடுத்து வந்த வருஷங்கள் அவை. பெங்களூரில் ஓசூர் ரோட்டை ஒட்டி ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். கம்ப்யூட்டரில் செடி செய்வது வேலை. திருவண்ணாமலைப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்குப் போனால் இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும். வெளிநாட்டில் ஒரு கம்பெனி, கட்டடங்களுக்குப் படம் போடுகிறவர்களுக்குச் செடி கொடிகளை முப்பரிமாணத்தில் விற்றுவந்தது. இன்னும் கட்டாத வீட்டுக்கு முன்னால் வைக்க, மண்ணிலேயே முளைக்காத செடி. எந்தப் பக்கம் திருப்பினாலும் செடியாகத் தெரிய வேண்டும், கிட்டே போனால் இலை நரம்பும் தெரிய வேண்டும். அந்தச் செடிகளைச் செய்து அனுப்பும் கூலிவேலை எங்களுக்கு. நான் டீம் லீட். பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். மற்றவர்கள் வாங்கும் திட்டையெல்லாம் முதலில் வாங்குகிற ஆள், அவ்வளவுதான்.

ஒரு இலையை ஸ்கேனர் கண்ணாடிமேல் வைத்து, மேலே கறுப்புத் துணி போர்த்திப் படமெடுப்போம். அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் ஒரு மெல்லிய தகட்டின்மேல் ஒட்டி, தகட்டை வளைத்து நெளித்து இலையாக்குவோம். பூவும் அப்படியே, இதழ் இதழாக. அதனால் நிஜமான இலையும் பூவும் தினமும் எங்களுக்கு வேண்டியிருந்தது. மற்றவர்கள் வரும் வழியில் எந்த காம்பவுண்டில் எது நீட்டிக்கொண்டிருந்தாலும் ஒடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். இவள் மட்டும் கீழே விழுந்ததைத்தான் பொறுக்குவாள்.

ஆஸ்டின் டவுனிலிருந்து பஸ் மாறி வருகிறவள். இறங்கி நடக்கும் தெருவெல்லாம் குனிந்துகொண்டே வருவாள். டிபன் டப்பாவின் மேல் அடுக்கில் சாதம், கீழ் அடுக்கில் உதிர்ந்த இலையும் வாடிய பூவும். நன்றாக வெளியே நீட்டிக்கொண்டு, கேட்பாரில்லாமல், இதோ என்னைப் பறித்துக்கொள் என்று நிற்கும் பூவைக்கூடத் தொட மாட்டாள். ஒரு நாள் கூடவே நடந்து வந்த நான் பொறுக்க முடியாமல், ரோட்டுக்கு வந்த கிளை ரோட்டுக்குச் சொந்தம்டி, பறி என்றேன். வேர் உள்ளேதானே இருக்கிறது அக்கா என்று சொல்லிவிட்டு நடந்தாள். முதலில் என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டாள். நான் திட்டித் திட்டி அக்காவாக்கினேன்.

பூ மார்க்கெட்டில் விற்கிற பூ என்றால் அவளுக்குப் பிரச்சினையே இல்லை. சாமந்தி, ரோஜா, சம்பங்கி எல்லாம் காசு கொடுத்து வாங்கி வந்து, சந்தோஷமாகப் பிய்த்து ஸ்கேன் செய்வாள். அந்தச் செடிகள் பிரமாதமாக வரும். அவள் கை அப்படி. இதழின் நடுவில் ஒரு சின்னப் பள்ளம், காம்புக்குப் பக்கத்தில் ஒரு கிழிசல், அதெல்லாம் மற்ற யாருக்கும் செய்யத் தோன்றாது. மார்க்கெட்டுக்கு வராத பூ என்றால்தான் வில்லங்கம்.

ஒரு தடவை நந்தியாவட்டை இலையோடு ஒரு எறும்பும் ஸ்கேனரில் படமாகிவிட்டது. தரையிலிருந்து பொறுக்கினால் எறும்பு வராமல் என்ன வரும்? யாரும் கவனிக்கவில்லை. ஒரே இலையைத்தான் பிரதியெடுத்துச் செடி முழுக்க ஒட்டுவோம் என்பதால் அத்தனை இலையிலும் அதே இடத்தில் அதே எறும்பு. வரிசையாக வேலி மாதிரி வைத்துப் பார்த்தபோது எறும்புப் படையே நின்றது. ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. இது உன்னிடம் ஏறிக்கட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் ஏறியதா என்று நான் கேட்டேன். அவளும் சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு உட்கார்ந்து அந்த எறும்பைப் பொறுமையாக அழித்தாள்.

அவள் நிரந்தர ஊழியர் இல்லை. மூன்று மாத ஒப்பந்தம், முடிந்தால் இன்னொரு மூன்று மாதம். ஒவ்வொரு ஒப்பந்தமும் முடியும் வாரத்தில் தன் டிராயரைக் காலி செய்து, சீப்பு, டம்ளர், ஸ்வெட்டர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு நாற்காலிக்குக் கீழே வைத்துக்கொள்வாள். யாரும் போகச் சொல்லும் முன்பே கிளம்பத் தயாராக இருப்பவளைப் பார்க்க எனக்கு எரிச்சலாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும். வருஷக்கணக்கில் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அவளுக்கு அம்மா மட்டும்தான். அந்த அம்மா கன்டோன்மென்ட் பங்களாக்களில் குனிந்து தரை துடைத்தே இரண்டு முட்டியையும் தொலைத்தவர். வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். கக்கூஸுக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க மகள் வேண்டும். காலையில் அதையெல்லாம் முடித்துவிட்டு பஸ் பிடித்து வருவதற்குள் இவளுக்குப் பாதி நாள் முடிந்துபோயிருக்கும். முட்டியை மாற்ற வேண்டும் என்று டாக்டர் எப்போதோ சொல்லியாகிவிட்டது. சொந்தக் காசில் அது நடக்காத காரியம். நிரந்தரமானால் கம்பெனியின் மருத்துவக் காப்பீட்டில் தாய் தகப்பனையும் சேர்ப்பார்கள். அவளுக்கு வேலை நிரந்தரமாவது என்றால் அம்மா எழுந்து நடப்பது என்று அர்த்தம். பதவி உயர்வு, மரியாதை, ஒரு மண்ணும் அவளுக்கு வேண்டாம்.

அப்படியிருக்கும்போதுதான் செம்பருத்தி வந்தது. வெப்ப நாட்டுத் தோட்டச் செடிகள் என்று ஒரு பெரிய தொகுப்பு செய்யப் போகிறார்களாம். முதலில் மாதிரிக்கு ஒரு செம்பருத்திச் செடி. அது பிடித்துவிட்டால் முழுத் தொகுப்பும் எங்களுக்கு, மாதிரி செய்தவளுக்கு வேலை நிரந்தரம். மேனேஜர் என்னையும் அவளையும் உட்காரவைத்துச் சொன்னார். பொய் சொல்கிற ஆள் இல்லை. பக்கத்து ஆனேக்கல் ஊர்க்காரர், நல்ல மனுஷன், எங்களைவிடக் களைத்துப்போன மனுஷன்.

செம்பருத்தியை எந்த மார்க்கெட்டில் விற்கிறார்கள்? காலையில் விரிந்து சாயங்காலம் சுருண்டு, மறுநாள் விழுந்துவிடுகிற பூ. ஆபீஸுக்குப் பின் தெருவில் ஒரு வீட்டு காம்பவுண்டில் பெரிய செம்பருத்தி இருந்தது. அதன் அடியில் விழுந்து கிடந்தவற்றைப் பொறுக்கி வந்தாள். மடக்கிய குடை மாதிரிச் சுருண்டு, வழவழவென்று பிசுபிசுக்கும் பூ. அதைத் தண்ணீரில் ஊறவைத்து, ஹேர்பின் முனையால் மெதுவாகப் பிரித்து, பேப்பருக்கு நடுவில் வைத்து நீவி, ஒரு வாரம் பாடுபட்டாள். செடியும் செய்தாள். இலை, கிளை, மொட்டு எல்லாம் கச்சிதம். பூ மட்டும் ஓரமெல்லாம் கறுத்து, ராத்திரி முழுக்கத் தூங்காதவர்களின் முகம்போல இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு அனுப்பிவைத்தேன்.

பதில் வந்தது. மேனேஜர் படித்துவிட்டு எங்கள் மேசைக்கு வந்து நின்றார்.

"பூவெல்லாம் சுஸ்தா இருக்குதாம்மா. கொஞ்சம் குஷியா பண்ணித் தரச் சொல்றாங்க."

சுஸ்து என்றால் இந்த ஊரில் களைப்பு. அவள் தலை நிமிராமல், பண்ணுகிறவர்களே சுஸ்தாகத்தானே இருக்கிறோம் சார் என்றாள். அவள் சொன்ன ஒரே நகைச்சுவை அதுதான். யாருக்கும் சிரிக்கத் தெம்பில்லை.

வாரக் கடைசிக்குள் புதுப் பூவோடு திருப்பி அனுப்ப வேண்டும். நானே நர்சரிக்குப் போய் மொட்டு விட்ட செம்பருத்தித் தொட்டி ஒன்று வாங்கி வந்தேன். இடம் மாறினதோ, ஏசி ஒத்துக்கொள்ளவில்லையோ, ஒரு மொட்டு பாக்கியில்லாமல் உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்றது. சரி, பின் தெருப் பூவை நான் பறித்து வந்து தருகிறேன், நீ கண்ணை மூடிக்கொள் என்றேன். பறிக்கிறவர்களே செடியையும் செய்துவிடுங்கள் அக்கா என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன். உன் அம்மா கால் பெரிசா, எவன் வீட்டுப் பூவோ பெரிசா என்று கேட்டேன். அவள் எழுந்து, பையை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். போகிறாள், போய்த் தொலையட்டும் என்றுதான் இருந்தேன். அப்புறம் மனசு கேட்காமல் பின்னாலேயே போனேன்.

அந்தச் செம்பருத்தி வீட்டு கேட்டில் நின்றுகொண்டிருந்தாள். பெல் அடித்திருந்தாள். வெளியே வந்த அம்மாள் கன்னடத்துக்காரர், வயதானவர், கண்ணாடி போட்டிருந்தார். இவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வீட்டு வேலைக்கு ஆள் இருக்கிறது என்றார். இவள் நல்ல கன்னடத்தில் பொறுமையாக, வேலைக்கு வரவில்லை, ஒரு பூ கேட்க வந்தேன் என்றாள். பூஜைக்கா என்று கேட்டார் அந்த அம்மாள். இல்லை, எங்கள் வீட்டில் புத்தர் படம் மட்டும்தான், இது கம்ப்யூட்டருக்கு என்றாள். அந்த அம்மாளுக்கு எதுவும் விளங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் விரட்டவில்லை. விளக்கு வைத்தபிறகு செடியைத் தொடக் கூடாது, காலையில் வா என்றார்.

மறுநாள் விடிந்ததும் அவள் வந்துவிட்டாள். அம்மாவை யார் பொறுப்பில் விட்டுவிட்டு வந்தாளோ தெரியாது. ஆனால் அவளுக்கு முன்னால் வேறு ஆட்கள் வந்து போயிருந்தார்கள். பெங்களூரில் விடியற்காலையில் நடந்திருப்பவர்களுக்குத் தெரியும். கையில் கொக்கி மாட்டிய குச்சி, இன்னொரு கையில் பிளாஸ்டிக் பை, வாயில் சுலோகம். காம்பவுண்டுக்கு வெளியே தெரிவதை மட்டுமல்ல, கொக்கிக்கு எட்டுவதையெல்லாம் பறித்துக்கொண்டு தங்கள் வீட்டு சாமிக்கு அர்ச்சனை செய்யப் போய்விடுவார்கள். வாக்கிங் முடிவதற்குள் புண்ணியமும் சேர்ந்துவிடும். செடியில் இலை மட்டும் இருந்தது. கேட்டுப் பறிக்க வந்த ஒருத்திக்கு ஒன்றுமில்லை.

அந்த அம்மாள் வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, தினமும் இதே கதைதான் என்று சலித்துக்கொண்டாராம். பிறகு உள்ளே போனார். தன் பூஜைக்கென்று முன்னாலேயே பறித்து வைத்திருந்தது ஒன்றே ஒன்று. அதைக் கொண்டுவந்து இவள் கையில் வைத்து, சாமிக்கு நாளைக்கு வைத்தால் ஆயிற்று என்று சொல்லிவிட்டு, கேட்டைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

ஈரத் துணியில் சுற்றி டிபன் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தாள். எங்கள் எல்லாருக்கும் அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. இருப்பது ஒரு பூ, தவறினால் அடுத்தது இல்லை. பூவைப் பிய்க்கும்போது அழப்போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அவளோ மடமடவென்று ஐந்து இதழையும் கழற்றி, கண்ணாடியில் வரிசையாக வைத்து, கறுப்புத் துணியைப் போர்த்திவிட்டாள். கொடுத்த பூதானே அக்கா என்றாள். அன்று சாயங்காலத்துக்குள் செம்பருத்தி முடிந்தது. மானிட்டரில் அதைச் சுற்றிச் சுற்றிக் காட்டினாள். அவ்வளவு சிவப்பை அந்த ஆபீஸில் நாங்கள் பார்த்ததில்லை. டயர் கடைக்காரர்கூட மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

பிடித்துவிட்டது என்று பதில் வந்தது. மேனேஜர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சீப்பும் டம்ளரும் ஸ்வெட்டரும் திரும்ப டிராயருக்குள் போயின. எனக்குச் சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் மட்டும் காப்பீட்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காப்பீடு கையெழுத்தாகி, பரிசோதனைகள் முடிந்து, அவள் அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நடந்தபோது மழைக்காலம் தொடங்கிவிட்டது. நான் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். அம்மா காலை நீட்டிப் படுத்திருந்தார். அவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று, உங்கள் பெண் செய்த செம்பருத்திதான் உங்களுக்குக் கால் கொடுத்தது என்று ஆரம்பித்து, அந்தப் பூவுக்காக அவள் எங்களைப் படுத்திய பாட்டையெல்லாம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஃபேனைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அவ பூ பறிக்க மாட்டாம்மா. அதுக்கு நான்தான் காரணம். ஒரு தொரசாணி வீட்டுல வேலை செஞ்சிட்டிருந்தேன். தோட்டம் பூரா ரோஜா. ஒரு நாளாச்சும் தலையில வெச்சுக்கணும்னு ஆசை, ஒண்ணு பறிச்சு மடியில சொருகிட்டேன். தொரசாணி வந்து யாரு பறிச்சதுன்னு கேட்டுச்சு. பக்கத்துல இவ நின்னுட்டிருந்தா, சின்னக் கொழந்தை. இவதான்னு சொல்லிட்டு அந்தம்மா எதிர்லயே ஒரு அறை உட்டேன். கொழந்தைதானேன்னு அந்தம்மா உட்டுருச்சு. வேலை தப்பிச்சுது. அந்த வேலையிலதான் இவளப் படிக்க வெச்சேன்."

யார் பறித்தது என்பது அவளுக்கு ஞாபகம் இருக்காது என்றார். தான்தான் பறித்தோம், அதனால்தான் அடி விழுந்தது என்று நினைத்துக்கொண்டு இன்னும் பயந்து கிடக்கிறாள் என்றார். சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை வாய்வரை வந்ததாம். பெற்ற மகளிடம் இதை எப்படிச் சொல்வது? சாத்துக்குடிப் பையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் எப்போது வந்தாளோ, வாசலில் மருந்துப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வந்து, மாத்திரைகளைப் பிரித்து மேசைமேல் வைக்க ஆரம்பித்தாள்.

"ஞாபகம் இருக்குதும்மா. உன் மடியில காம்பு வெளிய தெரிஞ்சுது."

"தெரிஞ்சிருந்தும் ஏண்டி இத்தினி வருசமா ஒரு பூவைத் தொடல?" என்று கேட்டார் அந்த அம்மா.

அவள் டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். களைத்துப்போன குரலில், மாத்திரை எப்போது போட வேண்டும் என்று சொல்வதைப்போலத்தான் சொன்னாள்.

"நான் ஒண்ணு பறிச்சிருந்தாலும் நீ அன்னிக்குச் சொன்னது நெசமாயிருக்கும்மா."

புதுக் காலை அசைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த அம்மாவால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கக்கூட முடியவில்லை.